பிரவுசரிலேயே பேட்ச் போடுவது: ரோம் பேட்ச்சர் ஜேஎஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீடியோ கேம்களுக்கு ரசிகர்கள் செய்யும் மொழிபெயர்ப்புகளையும் திருத்தங்களையும் போட்டுப் பார்க்கிறவர்கள் அநேகமாக ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைப் பிரவுசரிலேயே போட உதவும் வலைக்கருவிதான் ரோம் பேட்ச்சர் ஜேஎஸ். கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் தொகுத்து வைத்தால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதினேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

பேட்ச்னா என்ன? அதுவே கேம் இல்லையா?

இல்லை. கேமின் கார்ட்ரிட்ஜிலோ டிஸ்க்கிலோ உள்ளதை அப்படியே நகலெடுத்த ஃபைலை ரோம் என்பார்கள். அந்த ரோம் ஃபைலில் எந்த இடத்தில் எந்த பைட்டை எதுவாக மாற்ற வேண்டும் என்ற குறிப்புகள்தான் பேட்ச். பழைய புத்தகங்களின் கடைசியில் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று ஒட்டியிருப்பார்களே, "பக்கம் 42, வரி 7" என்று, அதுபோல. பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கதை படிக்க முடியாது. பதிப்பு மாறிவிட்டால் 42ஆம் பக்கம் 7ஆம் வரியில் வேறு ஏதோ இருக்கும், திருத்தம் அங்கே போய் உட்கார்ந்து நல்ல வரியையும் கெடுத்துவிடும். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்குமேல் இந்த ஒரே காரணத்தால் வருபவை.

ஒரு உதாரணம்: மதர் 3 என்ற கேம் 2006இல் கேம்பாய் அட்வான்ஸுக்காக ஜப்பானில் மட்டும் வந்தது. க்ளைட் மாண்டெலின் தலைமையில் ஒரு ரசிகர் குழு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2008 அக்டோபரில் வெளியிட்டது. அவர்கள் கொடுத்தது பேட்ச் மட்டும்தான். கேம் உங்களிடம் இருக்க வேண்டும்.

ரோம் பேட்ச்சர் ஜேஎஸ் யார் செய்தது? ஏன் இதைப் பரிந்துரைக்கிறீங்க?

ஸ்பெயினைச் சேர்ந்த மார்க் ரோப்ளெடோ என்ற நிரலாளர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. எம்ஐடி உரிமத்தில் திறந்த மூலமாக கிட்ஹப்பில் இருக்கிறது, காசு எதுவும் கிடையாது. மற்ற வலைத்தளங்களும் இதைத் தங்கள் பக்கத்தில் பொருத்திக்கொள்ளலாம் என்பதால், வேறு பெயரில், வேறு நிறத்தில் நீங்கள் இதையே ஏற்கெனவே பார்த்திருக்கக்கூடும்.

பரிந்துரைக்க இரண்டு காரணம். ஒன்று, விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்று எதில் இருந்தாலும் பிரவுசர் இருந்தால் போதும். எக்ஸ்டெல்டா, பிஎஸ்டிஃப் போன்ற பேட்ச் வகைகளின் அசல் கருவிகள் கமாண்ட் லைனில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலில், ஓடுபவை. மூன்று ஃபைல் பெயர்களைச் சரியான வரிசையில் தட்டச்ச வேண்டும், பெயரில் ஒரு இடைவெளி இருந்தாலே தடுமாறும். அந்தக் கறுப்பு ஜன்னலைப் பார்த்ததும் பலர் முயற்சியையே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம்: உங்கள் ஃபைலின் செக்சத்தை, அதாவது அதன் பைட்டுகளைக் கணக்கிட்டு எடுத்த அடையாள எண்ணை, முகத்துக்கு நேராகக் காட்டுகிறது. அது ஏன் பெரிய விஷயம் என்று கீழே வருகிறது.

என் ஃபைல் அவங்க சர்வருக்குப் போயிடுமா?

போகாது. பிரவுசர் உங்கள் ஃபைலை உங்கள் கணினியின் நினைவகத்தில் திறக்கிறது, அங்கேயே பைட்டுகள் மாறுகின்றன, முடிந்ததும் 'டவுன்லோட்' போலச் சேமித்துக் கொடுக்கிறது. டவுன்லோட் என்று காட்டுவதால்தான் இந்தச் சந்தேகமே வருகிறது. உண்மையில் இணையத்திலிருந்து எதுவும் இறங்குவதில்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். பக்கம் முழுவதும் திறந்த பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, அல்லது போனில் ஏரோப்ளேன் மோடு போட்டுவிட்டு, பேட்ச் போடுங்கள். வேலை நடக்கும். கணினியில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்தும் பார்க்கலாம். இதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் வேறு தளங்களையும் இப்படிச் சோதித்துப் பார்ப்பது நல்லது. இணையம் இல்லாமல் நின்றுபோனால் அங்கே உங்கள் ஃபைல் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, எப்படிப் போடுறது? ஒண்ணொண்ணா சொல்லுங்க

பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். முதலாவதில் மூல ரோம், இரண்டாவதில் பேட்ச். ரோமைத் தேர்ந்தெடுத்ததும் அதன் சிஆர்சி32, எம்டி5, ஷா-1 எண்கள் (மூன்று வகைச் செக்சம்கள்) தெரியும். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பேட்ச்சோடு வந்த ரீட்மீ என்ற குறிப்பு ஃபைலைத் திறந்து, அதில் கொடுத்திருக்கும் எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் பேட்ச்சைத் தேர்ந்தெடுத்து, அப்ளை பொத்தானை அழுத்துங்கள். புது ஃபைல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வந்து விழும்.

மூல ஃபைலில் எந்த மாற்றமும் நடக்காது. பிரவுசருக்கு அதில் எழுத அனுமதியே இல்லை. ஆனாலும் மூலத்தைத் தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பெயர்கள் ஒரேமாதிரி இருந்து, எது பேட்ச் போட்டது எது போடாதது என்று தெரியாமல் குழம்பி வருபவர்கள் நிறையப் பேர்.

ஜிப் ஃபைலை அப்படியே கொடுக்கலாமா?

ஜிப்பை ரோம் பேட்ச்சரே பிரித்துக்கொள்ளும், உள்ளே பல ஃபைல் இருந்தால் எது வேண்டும் என்று கேட்கும். ஆனால் பிரித்துவிட்டுக் கொடுப்பதுதான் என் வழக்கம், குழப்பத்துக்கு இடமில்லை. 7ஜிப், ரார் என்றால் கட்டாயம் முதலில் பிரித்துவிடுங்கள்.

விண்டோஸில் ஃபைல் பெயரின் வால்பகுதி மறைந்திருப்பதால், ஜிப்பையே ரோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

ஐபிஎஸ், யுபிஎஸ், பிபிஎஸ், எக்ஸ்டெல்டா... எதுக்கு இத்தனை வகை?

ஐபிஎஸ்ஸின் குறைகளைத் தீர்க்கத்தான் யுபிஎஸ், பிபிஎஸ் வந்தன. ஐபிஎஸ் பழையது, மிக எளிமையானது. ஒரு ஐபிஎஸ் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் நிரல்) திறந்தால் முதல் ஐந்து பைட்டுகள் ஆங்கிலத்தில் 'பேட்ச்' என்ற சொல்லின் ஐந்து எழுத்துகள். அதன்பின் துண்டு துண்டாகக் குறிப்புகள்: 3 பைட்டில் இடம், 2 பைட்டில் நீளம், அப்புறம் அங்கே எழுத வேண்டிய தரவு. நீளம் 0 என்று இருந்தால், ஒரே பைட்டைப் பலமுறை நிரப்பு என்று பொருள். கடைசியில் 'இஓஎஃப்' என்று மூன்று எழுத்து. அவ்வளவுதான்.

இந்த எளிமையில் மூன்று ஓட்டைகள். இடத்தைக் குறிக்க 3 பைட் மட்டுமே என்பதால் 1,67,77,216 பைட்டுகளுக்கு, அதாவது 16 எம்பிக்கு மேல் எட்டாது. 45,42,278ஆம் இடத்தில் ஏதாவது மாற்ற நேர்ந்தால், அந்த எண்ணே மூன்று பைட்டாக எழுதும்போது 'இஓஎஃப்' என்ற எழுத்துகளாகிவிடும். சில கருவிகள் பேட்ச் முடிந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடும். மூன்றாவதுதான் மோசம்: மூல ஃபைல் சரியானதா என்று சரிபார்க்க அதில் ஒன்றுமே கிடையாது. எந்த ஃபைலைக் கொடுத்தாலும் எழுதிவிட்டுப் போய்விடும்.

யுபிஎஸ், பிபிஎஸ் இரண்டையும் வகுத்தவர் ஒருவரே. பிஎஸ்நெஸ் எமுலேட்டரை (பழைய கேம் கருவிபோலக் கணினியில் இயங்கும் நிரல்) எழுதிய, நியர் என்ற பெயரில் அறியப்பட்டவர். இரண்டிலும் மூல ஃபைல், விளைவு ஃபைல், பேட்ச் மூன்றின் சிஆர்சி32உம் உள்ளேயே பதிந்திருக்கும். மேலே சொன்ன மதர் 3 மொழிபெயர்ப்பு யுபிஎஸ்ஸில் வந்தது. அந்த ரோம் 32 எம்பி, ஐபிஎஸ்ஸுக்கு எட்டவே எட்டாது. எக்ஸ்டெல்டா என்பது 2002இல் ஆர்எஃப்சி 3284ஆக வெளியான விசிடிஃப் வடிவத்தில் பேட்ச் செய்யும் கருவி. பெரிய டிஸ்க் கேம்களுக்கு அதிகம் பயன்படுகிறது. பிளேஸ்டேஷன் பக்கம் பிபிஎஃப் என்று ஒன்றும் உண்டு.

எது நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க

பிபிஎஸ்.

'சோர்ஸ் ரோம் செக்சம் மிஸ்மேட்ச்'னு வருது. ஃபைல் கெட்டுப்போச்சா?

கெட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. பேட்ச் எழுதியவரிடம் இருந்த ஃபைல் இது இல்லை என்றுதான் அர்த்தம். இந்த எச்சரிக்கை உங்களுக்கு நல்லது செய்கிறது, அதை மீறிப் போட வழி கிடைத்தாலும் போடாதீர்கள்.

காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: வேறு நாட்டுப் பதிப்பு, அதே நாட்டின் திருத்திய இரண்டாம் வெளியீடு, ஏற்கெனவே வேறொரு பேட்ச் போட்ட ஃபைல், இடத்தை மிச்சம்பிடிக்க யாரோ வால்பகுதியை வெட்டிய ஃபைல். கடைசியில் சொன்னது கேம்பாய் அட்வான்ஸ், நின்டெண்டோ டிஎஸ் ரோம்களில் அடிக்கடி நடக்கும். கேம் நன்றாகவே ஓடும், ஆனால் நீளம் குறைந்ததால் எண் மாறிவிடும். இவை தவிர ஹெடர் பிரச்சினை ஒன்று இருக்கிறது, அதற்குத் தனிக் கேள்வியே கீழே உண்டு.

இந்த சிஆர்சி32 என்பது என்ன? பெயர் ஒன்றாக இருந்தால் போதாதா?

பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். சிஆர்சி32 என்பது ஃபைலின் எல்லா பைட்டுகளையும் ஒரு கணக்கில் போட்டு எடுக்கும் எட்டு இலக்க எண், பதினாறடிமானத்தில் எழுதப்படுவது. 4,29,49,67,296 சாத்தியங்களில் ஒன்று. ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் கட்டாயம் மாறும். அதனால் தற்செயலான வேறுபாடுகளைக் கண்டுபிடிக்க இது போதும்.

வேண்டுமென்றே ஏமாற்ற நினைப்பவரை இது தடுக்காது. விரும்பிய சிஆர்சி வரும்படி ஃபைலைச் செதுக்குவது கடினமே இல்லை. ரீட்மீயில் ஷா-1 கொடுத்திருந்தால் அதையே ஒப்பிடுங்கள். அதிலும் 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் ஒரே ஷா-1 கொண்ட இரண்டு பிடிஎஃப்களை உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். இருந்தாலும், சரியான கேம் பதிப்புதானா என்று பார்க்கிற நம் வேலைக்கு அது தாராளம்.

சரியான எண் எது என்று ரீட்மீயில் இல்லையென்றால் கார்ட்ரிட்ஜ் கேம்களுக்கு நோ-இன்ட்ரோ, டிஸ்க் கேம்களுக்கு ரீடம்ப் என்ற பட்டியல்களில் தேடுங்கள். கேம் இருக்காது, சரிபார்த்த எண்கள் மட்டும் இருக்கும்.

ரீட்மீயில 'ஹெடர் இல்லாத ரோம்'னு போட்டிருக்கு. என்னுடையதில் ஹெடர் இருக்கானு எப்படித் தெரியும்?

சூப்பர் நின்டெண்டோ காலத்தில் கார்ட்ரிட்ஜைப் பிளாப்பியில் நகலெடுக்கும் கருவிகள் தங்கள் வசதிக்காக ஃபைலின் தொடக்கத்தில் 512 பைட்டுகளைச் சேர்த்தன. அதுதான் இந்த ஹெடர். கேமுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அது இருந்தால் மற்ற எல்லாமே 512 இடம் தள்ளிப்போகும். 'பக்கம் 42' கதைதான்.

கண்டுபிடிக்க ஃபைல்மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் அளவைப் பைட்டில் பாருங்கள். 4 எம்பி ரோம் 41,94,304 பைட் இருக்க வேண்டும். 41,94,816 என்று இருந்தால் ஹெடர் உண்டு. பொதுவாக, அளவை 1,024ஆல் வகுத்து மீதி 512 வந்தால் ஹெடர் இருக்கிறது. ரோம் பேட்ச்சர் இதைத் தானாகவே கண்டு, ஹெடரை நீக்கிவிட்டுப் பேட்ச் போடும் தேர்வைக் காட்டும். அதை டிக் செய்ததும் செக்சம் எண் மாறுவதைக் கவனியுங்கள். ரீட்மீ எண்ணோடு பொருந்திவிட்டால் வேலை முடிந்தது.

பழைய நின்டெண்டோ எட்டு-பிட் ரோம்களிலும் 16 பைட் ஹெடர் உண்டு. அது எமுலேட்டருக்குத் தேவை, வெட்டிவிட்டால் கேம் ஓடாது.

ஐபிஎஸ் பேட்ச் ஒரு எரரும் இல்லாம போச்சு, ஆனா கேம் கறுப்பு ஸ்க்ரீன்லயே நிக்குது அண்ணா

எரர் வராததுதான் ஐபிஎஸ்ஸின் பிரச்சினை, மேலே சொன்ன மூன்றாவது ஓட்டை. மூல ஃபைல் தவறு என்றால் அதற்குத் தெரியவே தெரியாது. மூல ஃபைலின் சிஆர்சி32ஐ ரீட்மீயோடு ஒப்பிடுங்கள், சூப்பர் நின்டெண்டோ என்றால் ஹெடரைப் பாருங்கள். இந்த இரண்டிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எண் எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையா? அடுத்து எமுலேட்டரைச் சந்தேகியுங்கள். பழைய திருத்தங்கள் சில அந்தக் காலத்து எமுலேட்டர்களில் மட்டும் சோதிக்கப்பட்டவை; அசல் கேம் கருவியை நுணுக்கமாகப் பின்பற்றும் இன்றைய எமுலேட்டர்களில் நின்றுவிடும். இப்படி இருந்தால் திருத்தத்துக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

நின்டெண்டோ 64 ரோமுக்கு மட்டும் எண்ணே பொருந்த மாட்டேங்குது

அங்கே ஒரே கேம் மூன்று பைட் வரிசைகளில் உலவுகிறது. ஹெக்ஸ் எடிட்டரில் முதல் நான்கு பைட்டைப் பாருங்கள். 80 37 12 40 என்றால் இசட்64, இதுதான் அசல் வரிசை. 37 80 40 12 என்றால் வி64, ஒவ்வொரு ஜோடியும் இடம் மாறியது. 40 12 37 80 என்றால் என்64, நான்கு நான்காகத் திருப்பியது. ஃபைல் பெயரின் வால் என்ன சொன்னாலும் பைட்டுகள் சொல்வதையே நம்புங்கள்.

பேட்ச்கள் பெரும்பாலும் இசட்64 வரிசைக்கே செய்யப்படுகின்றன. உங்களுடையது வேறாக இருந்தால் முதலில் பைட் வரிசை மாற்றும் கருவி ஒன்றில் இசட்64 ஆக்கிவிட்டு வாருங்கள். வால்பெயரை மட்டும் மாற்றினால் ஒன்றும் நடக்காது.

'ஃபிக்ஸ் செக்சம்'னு ஒரு தேர்வு வருதே, அதை டிக் பண்ணணுமா?

இது இதுவரை பேசிய சிஆர்சி32 இல்லை, வேறு. சில கேம் கருவிகளின் ரோமுக்குள்ளேயே தயாரிப்பாளர் போட்ட ஒரு கூட்டுத்தொகை இருக்கும். கேம்பாயில் 333ஆம் இடத்திலுள்ள ஒரு பைட் தலைப்புப் பகுதியைச் சரிபார்ப்பது. அது தவறாக இருந்தால் உண்மையான கேம்பாய் கேமைத் தொடங்கவே தொடங்காது. மெகா டிரைவில் 398ஆம் இடத்தில், தலைப்புப் பகுதிக்குப் பின்னால் உள்ள ரோமுக்கான தொகை. சில கேம்கள் தாங்களே அதைச் சோதித்து, பொருந்தாவிட்டால் வெறும் சிவப்புத் திரையைக் காட்டி நின்றுவிடும்.

நல்ல பேட்ச் எழுதுபவர்கள் இதையும் சேர்த்தே திருத்தியிருப்பார்கள். எனவே முதலில் டிக் இல்லாமல் போட்டுப் பாருங்கள். ஓடவில்லை என்றால், அல்லது அசல் கருவியில் போட்டு ஆடப்போகிறீர்கள் என்றால், டிக் செய்து மறுபடி போடுங்கள். டிக் செய்தால் விளைவு ஃபைலின் சிஆர்சி32 ரீட்மீயில் சொன்னதிலிருந்து மாறலாம். அதற்காகப் பதற வேண்டாம்.

போன்ல பண்ணலாமா?

தாராளமாக. கார்ட்ரிட்ஜ் கால ரோம்கள் சில எம்பிதான், சாதாரண ஆண்ட்ராய்டு போனே கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: தெரியாத வால்பெயர் கொண்ட ஃபைலைச் சேமிக்கும்போது சில போன் பிரவுசர்கள் பெயரை மாற்றிவிடுகின்றன. எமுலேட்டர் பட்டியலில் கேம் வரவில்லை என்றால், ஃபைல் மேனேஜரில் பெயரைத் திறந்து பார்த்துச் சரிசெய்யுங்கள்.

டிஸ்க் கேம் 650 எம்பி. பாதியில டேப் க்ராஷ் ஆயிடுது சார்

மூல ஃபைல், பேட்ச், விளைவு ஃபைல் மூன்றும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்க வேண்டும். 650 எம்பி டிஸ்க்குக்கு 1.3 ஜிபிக்குமேல் ஆகிவிடும். போனில் இது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் மற்ற டேப்களை மூடிவிட்டு முயலலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் பிரவுசரை விட்டுவிடுங்கள். எக்ஸ்டெல்டா பேட்ச்களுக்கு டெல்டா பேட்ச்சர் என்று ஒரு ஜன்னல் நிரல் இருக்கிறது, பிபிஎஸ்ஸுக்கு ஃப்ளிப்ஸ். இரண்டிலுமே கமாண்ட் எதுவும் தட்ட வேண்டியதில்லை. எந்த வேலைக்கும் இதே கருவிதான் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

எக்ஸ்டெல்டா பேட்ச்சுக்கு 'நாட் இம்ப்ளிமெண்டட்'னு வருது. பேட்ச் சரியில்லையா?

பேட்ச் சரியாகத்தான் இருக்கும். எக்ஸ்டெல்டா3 தான் உருவாக்கிய வேறுபாட்டை இன்னொரு முறையும் சுருக்கி வைக்கக்கூடியது. அந்த இரண்டாம் சுருக்கத்தை விரிக்கும் நிரல்பகுதி இந்தக் கருவியில் இல்லாததால்தான் அந்தச் செய்தி. முந்தைய பதிலில் சொன்ன டெல்டா பேட்ச்சரில் போடுங்கள், போய்விடும்.

பேட்ச் வெளியிடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எக்ஸ்டெல்டாவில் உருவாக்கும்போது செகண்டரி கம்ப்ரெஷனை அணைத்துவிடுங்கள். ஃபைல் கொஞ்சம் பெருக்கும், ஆனால் பிரவுசரில் போடுகிற அத்தனை பேருக்கும் ஒரு தலைவலி குறையும்.

ரெண்டு பேட்ச் ஒண்ணு மேல ஒண்ணு போடலாமா?

எழுதியவர்கள் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும், அவர்கள் சொன்ன வரிசையில். பிபிஎஸ், யுபிஎஸ் என்றால் இரண்டாவது பேட்ச், முதலாவது போட்ட ஃபைலை மூலமாக வைத்துச் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மிஸ்மேட்ச் என்று மறித்துவிடும்.

ஐபிஎஸ் மறிக்காது. இரண்டும் தொடும் இடங்கள் வேறு வேறு என்றால் நன்றாகவே இருக்கும். ஒரே இடத்தைத் தொட்டால் பின்னால் போட்டது முன்னதை அழித்துவிடும், அதுவும் மூன்று மணி நேரம் ஆடிய பிறகுதான் தெரியவரும். மொழிபெயர்ப்பு ஒன்றும், எதிரிகளின் கடினத்தை மாற்றும் பேட்ச் ஒன்றும் சேர்க்க நினைப்பவர்கள் அதிகம். மொழிபெயர்ப்பாளர்கள் இடம் போதாமல் வசனத்தை ரோமின் காலிப் பகுதிகளுக்கு நகர்த்தியிருப்பார்கள். மற்றவரும் அதே காலியிடத்தைத்தான் எடுத்திருப்பார். அதனால்தான் இந்தச் சேர்க்கை அடிக்கடி உடைகிறது.

போட்ட பேட்ச்சை எடுக்க முடியுமா?

யுபிஎஸ் என்றால் முடியும். அது பழைய பைட்டையும் புதிய பைட்டையும் எக்ஸ்ஓஆர் (இருமுறை செய்தால் பழையபடி ஆகும் பிட் கணக்கு) செய்து வைத்திருக்கும்; அதே பேட்ச்சை இன்னொரு முறை போட்டால் பழையபடி ஆகிவிடும். பிபிஎஃப்பின் மூன்றாம் பதிப்பிலும் திரும்பும் தகவலைச் சேர்த்து வைக்க வசதி உண்டு. ஐபிஎஸ், பிபிஎஸ் இரண்டும் ஒருவழிப் பாதை. மூல ஃபைலைப் பத்திரமாக வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை.

பழைய சேவ் வேலை செய்யுமா?

கேமுக்குள்ளேயே சேமித்த சேவ் என்றால் பெரும்பாலும் செய்யும். எமுலேட்டர்கள் ரோமின் பெயரை வைத்தே சேவைத் தேடுவதால், சேவ் ஃபைலின் பெயரையும் புது ரோமின் பெயருக்கு மாற்றுங்கள்.

எமுலேட்டரின் சேவ் ஸ்டேட் என்றால் வேண்டாம். அது அந்த நொடியின் நினைவகத்தை அப்படியே படம்பிடித்தது. பேட்ச்சில் நிரலோ வசனமோ இடம் மாறியிருந்தால், பழைய முகவரியில் போய்த் தேடி நின்றுவிடும்.

பேட்ச் போடாமலே ஆட முடியும்னு சொல்றாங்களே?

சாஃப்ட் பேட்ச்சிங் என்று சொல்வார்கள். ரெட்ரோஆர்க், ஸ்நெஸ்9எக்ஸ், எம்ஜிபிஏ போன்றவற்றில் ரோமும் பேட்ச்சும் ஒரே ஃபோல்டரில், வால் தவிர ஒரே பெயரில் இருந்தால், கேம் திறக்கும்போதே பேட்ச் நினைவகத்தில் போடப்படும். பேட்ச் அடிக்கடி புதுப்பிக்கப்படும் கேம்களுக்கு இது வசதி. அசல் கருவியில் ஆட, அல்லது அந்த வகைப் பேட்ச்சை எமுலேட்டர் ஏற்காதபோது, ரோம் பேட்ச்சரே வழி. சரியான மூல ஃபைல் வேண்டும் என்ற விதி இங்கேயும் மாறாது.

நானே ஒரு திருத்தம் செஞ்சிருக்கேன். பேட்ச்சா எப்படி மாத்துறது?

ரோம் பேட்ச்சர் பக்கத்தின் மேலே கிரியேட்டர் மோடு என்று இருக்கும். அசல் ஃபைலையும் நீங்கள் மாற்றிய ஃபைலையும் கொடுத்து, வகையைத் தேர்ந்தெடுத்தால் பேட்ச் கிடைக்கும். பிபிஎஸ் தேர்ந்தெடுங்கள். ஃபைலின் நடுவே ஒரு பைட்டைச் செருகினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். ஐபிஎஸ்ஸுக்கு அத்தனையும் புது மாற்றமாகத் தெரிவதால் பேட்ச் பாதிக் கேம் அளவுக்கு வீங்கும். கூடவே அசல் கேமின் தரவையே நீங்கள் பேட்ச் என்ற பெயரில் பரப்பியதாகவும் ஆகிவிடும். பிபிஎஸ் அதை "மூலத்தில் இந்த இடத்திலிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்" என்று ஒரே குறிப்பில் முடிக்கும். பெரிய ஃபைல்களுக்கு இந்தத் தேடல் பிரவுசரில் நேரமெடுக்கும், அப்போது ஃப்ளிப்ஸில் செய்யுங்கள்.

ரீட்மீயில் மூல ஃபைலின் முழுப் பெயர், நாடு, வெளியீடு, அளவு, சிஆர்சி32, ஷா-1 எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை. பதில் எழுதும் எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதி அதிலேயே குறைந்துவிடும்.

இதை வச்சு கேமைத் தமிழுக்கு மாத்த முடியுமா?

ரோம் பேட்ச்சர் வேறுபாட்டைப் பொருத்துவதோடு சரி. மொழிபெயர்ப்பு வேலை அதற்கு முன்னால், ஹெக்ஸ் எடிட்டரிலும், எழுத்துச் சதுரங்களை வரையும் டைல் எடிட்டரிலும் நடக்க வேண்டும். அந்தக் கால கேம்களில் யுனிகோடு கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் பெரும்பாலும் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரம், வசனம் என்பது சதுரங்களின் வரிசை எண்.

தமிழுக்கு அந்தச் சதுரம் போதாது. ண, ஞ, ணை எல்லாம் எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்காது. எழுத்துக்கேற்ப அகலம் மாறும்படி கேமின் நிரலையே திருத்த வேண்டும். உகர, ஊகார வரிசைக்கு மட்டும் 18 மெய்க்கும் தனித்தனியாக 36 வடிவங்கள் வரைய வேண்டும். கொம்பை எழுத்துக்கு முன்னால் வைக்கும் வரிசையில் வசனத்தை அடுக்க வேண்டும். செய்ய முடிகிற வேலைதான், வசனம் குறைவான சின்ன கேம் ஒன்றில் தொடங்குங்கள் என்பேன். யாராவது செய்தால் முதல் ஆளாகப் போட்டுப் பார்ப்பேன்.

பேட்ச்ல வைரஸ் இருக்குமா?

ஐபிஎஸ், பிபிஎஸ் எல்லாம் ஓடக்கூடிய நிரல்கள் இல்லை, வெறும் தரவு. அதனால் பேட்ச்சைத் திறப்பதில் பயமில்லை. "பேட்ச்" என்று இஎக்ஸ்இ ஃபைல் ஒன்றைக் கொடுத்தால் தள்ளி நில்லுங்கள். விண்டோஸ் நிரல்களின் இஎக்ஸ்இ, டிஎல்எல்களை மாற்றும் பேட்ச் என்றால் கதையே வேறு. அங்கே விளைவு ஃபைல் உங்கள் கணினியிலேயே ஓடும் நிரல். எழுதியவரை நம்பினால் மட்டும் போடுங்கள்.

ரவுட்டர், டிவி பாக்ஸ் ஃபர்ம்வேரையும் இதில மாத்தலாமா?

கருவிக்கு எல்லா ஃபைலும் பைட்டுகள்தான், மாற்றிவிடும். ஆனால் பல ரவுட்டர்களும் பாக்ஸ்களும் ஃபர்ம்வேரின் (அவற்றுக்குள் பதிந்திருக்கும் நிரலின்) டிஜிட்டல் கையொப்பத்தைச் சோதித்து, ஒரு பைட் மாறியிருந்தாலும் மறுத்துவிடும். சோதிக்காத கருவியாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது: தவறான மூலத்தில் போட்ட பேட்ச் எமுலேட்டரில் கறுப்புத் திரையோடு முடியும், ரவுட்டரில் அது மறுபடி எழாமலே போகலாம். மீட்கும் வழி தெரியாமல் இறங்காதீர்கள்.

இதெல்லாம் சட்டப்படி சரியா?

கருவியில் பிரச்சினை இல்லை. கேள்வி மூல ஃபைலைப் பற்றியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52(1)(ஏஏ) பிரிவு, கணினி நிரலின் நகலை முறையாக வைத்திருப்பவர் அதை உரிய நோக்கத்துக்குப் பயன்படுத்தவும், இழப்புக்கு எதிரான காப்பு நகலாகவும் பிரதி எடுக்க இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பாதுகாப்புப் பூட்டை உரிமை மீறும் நோக்கோடு உடைப்பதைக் குற்றமாக்குகிறது. உங்கள் சொந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து நீங்களே எடுத்த நகலுக்கும், எங்கிருந்தோ இறக்கிய ரோமுக்கும் வித்தியாசம் உண்டு. எனவே ரோம் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். பேட்ச் போட்ட முழு ரோமை மற்றவர்களுக்கு அனுப்பவும் வேண்டாம், பேட்ச்சை மட்டும் அனுப்புங்கள்.

என் கார்ட்ரிட்ஜ் ரெவிஷன் 1. பேட்ச் ரெவிஷன் 0க்கு. கேமை மறுபடி வாங்கணுமா?

அவசரப்பட வேண்டாம். ரெவிஷன் 0 என்பது முதல் வெளியீடு, 1 என்பது அதைத் திருத்திய இரண்டாம் வெளியீடு. முதலில் பேட்ச் பக்கத்தில் பாருங்கள், பல குழுக்கள் இரண்டு வெளியீட்டுக்கும் தனித்தனி பேட்ச் தருகின்றன. இல்லையென்றால், இரண்டு வெளியீடும் கையில் உள்ள ஒருவர் கிரியேட்டர் மோடில் ரெவிஷன் 1ஐ அசலாகவும் 0வை மாற்றியதாகவும் கொடுத்து ஒரு பிபிஎஸ் செய்யலாம். நீங்கள் அதை உங்கள் நகலில் போட்டால் ரெவிஷன் 0 கிடைக்கும், அதன்மேல் மொழிபெயர்ப்பைப் போடலாம். அந்த இடைநிலை ஃபைலின் சிஆர்சி32 ரீட்மீயிலுள்ள எண்ணாக இருந்தால் வழி சரி.

ஐபிஎஸ் பேட்ச்சை நேராக ரெவிஷன் 1இல் போட்டு "ஓடுதே" என்று வருகிறவர்களும் உண்டு. தலைப்புத் திரை வரை ஓடும். இரண்டு வெளியீடுகளும் வேறுபடும் இடத்துக்குக் கேம் போகும்போது என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஆடி எடுத்த சேவையும் நம்ப முடியாது என்பதால், சரியான மூலத்தில் பேட்ச் போட்ட பிறகு புதிதாகத் தொடங்குங்கள்.